பாலில் அயோடின்: தீவனமும் வேதிப்பொருள்களும்

மும்பை மாநகரின் பால் வழங்கல் வரலாறு, இந்தியப் பால்வளத் திட்டங்களின் வரலாற்றோடு பின்னிப் பிணைந்தது. 1945-ஆம் ஆண்டில் பம்பாய்ப் பால் திட்டம் தொடங்கப்பெற்றது. 1946-ல் பதிவு செய்யப்பெற்ற கெய்ரா மாவட்டப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவு ஒன்றியம், 1948 முதல் இந்நகருக்குப் பால் அனுப்பத் தொடங்கிற்று. நெருக்கடி மிகுந்த தெருக்களில் இருந்த எருமைத் தொழுவங்களை அகற்றும் நோக்கத்துடன், கோரேகாவ் அருகே ஏறத்தாழ 1,300 ஹெக்டேர் பரப்பில் ஆரே பால் குடியிருப்பு 1949-ல் அமைந்தது. 1970-ல் தொடங்கிய வெண்மைப் புரட்சித் திட்டத்தின் முதற்கட்டம் பம்பாய், தில்லி, கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு பெருநகரங்களையே சந்தையாகக் கொண்டது.

இத்திட்டங்கள் யாவும் பாலை அளந்த அளவுகோல்கள் சிலவே. எத்தனை லிட்டர், எவ்வளவு கொழுப்பு, கொழுப்பு நீங்கிய திடப்பொருள் எவ்வளவு, நுண்ணுயிர்த் தூய்மை எத்தகையது என்பனவே அவை. உற்பத்தியாளருக்குக் கிடைக்கும் விலையும் இவற்றையே, குறிப்பாகக் கொழுப்பையும் திடப்பொருளையும் பொறுத்து அமைந்தது. இன்றும் அவ்வாறே அமைகிறது. பாலில் உள்ள அயோடின் இக்கணக்கில் சேர்வதில்லை. அதன் அளவு மிகச் சிறியது. ஆயினும் ஒரு குழந்தையின் அறிவு வளர்ச்சியில் அதற்குப் பங்கு உண்டு. அந்தச் சிறிய அளவு எவ்வாறு பாலுக்கு வருகிறது, எந்த வேதிப்பொருள்கள் அதைக் குறைக்கின்றன, எவை கூட்டுகின்றன, இதில் திட்டமிடுவோர் கவனிக்க வேண்டியது யாது என்பதே இவ்வுரையின் பொருள்.

அயோடினின் தேவை

கழுத்தின் முன்புறம் அமைந்த தைராய்டு சுரப்பி தன் ஹார்மோன்களை உண்டாக்குவதற்கு அயோடின் இன்றியமையாதது. வயது வந்தோர்க்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம், கருவுற்ற தாய்க்கும் பாலூட்டும் தாய்க்கும் 250, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 90 என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இந்த அற்ப அளவு கிட்டாதபோது முன்கழுத்துக் கழலை தோன்றுகிறது. கருவிலிருக்கும் சிசுவின் மூளை வளர்ச்சி குன்றுவதே அதனினும் கொடிய விளைவு. கழலை கண்ணுக்குத் தெரியும். குன்றிய அறிவோ பள்ளியில் மதிப்பெண்ணாகவும், பிற்காலத்தில் வருவாயாகவும் மட்டுமே வெளிப்படும்.

1956-ல் இமாசலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் வி. இராமலிங்கசுவாமியும் அவர்தம் குழுவினரும் தொடங்கிய ஆய்வு, அயோடின் கலந்த உப்பினால் கழலையைக் குறைக்கலாம் என்று மெய்ப்பித்தது. அதன் பயனாக 1962-ல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் பிறந்தது. மக்கள் உண்ணும் உப்பு முழுவதிலும் அயோடின் சேர்க்க வேண்டும் என்ற கொள்கை எண்பதுகளில் ஏற்கப்பெற்றது. அயோடின் சேராத உப்பை உணவுக்கு விற்பதற்கான தடை 2006 மே மாதம் முதல் நடைமுறையில் உள்ளது.

கடற்கரை நகரமான மும்பையில் இக்குறை எழாது என்று எண்ணுவோர் உளர். கடலருகே வாழ்வதால் மட்டும் உடலுக்கு அயோடின் சேர்ந்துவிடுவதில்லை. உண்ணும் உணவில் அது இருத்தல் வேண்டும். மாதுங்காவின் தமிழ், குஜராத்திக் குடும்பங்களுள் மீன் உண்ணாதவை பல. அவற்றிற்கு உப்பும் பாலுமே முக்கிய வழிகள். தாராவியின் எளிய குடும்பங்கள் பலவற்றிலோ பால் என்பது தேநீரில் சேரும் அளவே. இன்னொன்றும் கருதத்தக்கது. பாலின் அயோடின் பெரும்பாலும் அதன் நீர்ப்பகுதியில் கரைந்திருக்கிறது. ஆதலால் மோரிலும் தயிரிலும் அது கிடைக்கும். நெய்யில் ஏறக்குறைய இல்லை எனலாம்.

மடியின் வாயில்

தீவனத்திலும் நீரிலும் வரும் அயோடின், அயோடைடு என்னும் வடிவில் மாட்டின் இரத்தத்தில் கலக்கிறது. அங்கிருந்து அதனைத் தைராய்டு சுரப்பிக்குள் இழுத்துச் செல்வது ஒரு கடத்திப் புரதம். சோடியத்தின் துணையுடன் அயோடைடைக் கடத்தும் இப்புரதத்தின் மரபணு 1996-ல் கண்டறியப்பெற்றது. பால் சுரக்கும் காலத்தில் மடியின் சுரப்பியிலும் இதே புரதம் செயற்படுகிறது என்பது 2000-ஆம் ஆண்டில் தெளிவாயிற்று. பசுவுக்கும் எருமைக்கும் மானிடத் தாய்க்கும் இவ்வமைப்பு பொதுவானது.

இவ்வாயில் அயோடைடுக்கு மட்டும் திறப்பதன்று. ஏறக்குறைய அதே பருமனும் மின்னேற்றமும் உடைய வேறு சில அயனிகளும் இதனுள் நுழைய முந்துகின்றன. மாதுங்கா நிலையத்தில் காலை நேரத்து மின் இரயிலை நினைத்துப் பார்க்கலாம். கதவின் அகலம் மாறுவதில்லை. மேடையில் எத்தனை பேர் முண்டியடிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே ஒருவர் உள்ளே செல்வதும் வெளியே நிற்பதும் அமைகிறது. மடியின் வாயிலில் அயோடைடோடு போட்டியிடுபவை முக்கியமாக மூன்று: பெர்குளோரேட், தயோசயனேட், நைட்ரேட். 2004-ல் வெளியான ஆய்வொன்றின்படி, கடத்திப் புரதத்தைத் தடுக்கும் ஆற்றலில் பெர்குளோரேட் தயோசயனேட்டைப் போல் 15 மடங்கும், நைட்ரேட்டைப் போல் 240 மடங்கும் வலியது. எனினும் வலிமை ஒன்றே போட்டியைத் தீர்மானிப்பதில்லை; எண்ணிக்கையும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. வலிமை குன்றிய நைட்ரேட், தீவனத்தில் மிகுந்த அளவில் இருப்பதால் தன் பங்கைப் பெறுகிறது.

தீவனத் தொட்டியில் உள்ளவை

தயோசயனேட் எங்கிருந்து வருகிறது என்பதைத் தொழுவத்திலேயே காணலாம். கடுகு, முட்டைக்கோசு இனத்தைச் சேர்ந்த தாவரங்களில் குளுகோசினோலேட் என்னும் கந்தகச் சேர்மங்கள் உள்ளன. இவை சிதையும்போது தயோசயனேட்டும், காய்ட்ரின் என்னும் பொருளும் தோன்றுகின்றன. 1928-ல் அமெரிக்காவில், முட்டைக்கோசு உண்ட முயல்களுக்குக் கழலை கண்டதிலிருந்து இவ்வாராய்ச்சி தொடங்கியது. காய்ட்ரின் 1949-ல் பிரித்தெடுக்கப்பெற்றது. ஐரோப்பாவில் பசுக்களுக்குக் கடுகினத்தைச் சேர்ந்த ரேப் விதையின் பிண்ணாக்கைக் கொடுத்து நடத்திய சோதனைகளில், தீவனத்தின் அயோடின் அளவு மாறாதிருந்தும், பாலின் அயோடின் பாதியாகவும் அதற்குக் கீழாகவும் குறைந்தது. மடிக்குச் செல்லாத அயோடின் சிறுநீரில் வெளியேறிவிடுகிறது.

இந்தியாவின் வடமாநிலங்களில் கடுகுப் பிண்ணாக்கு வழக்கமான தீவனம். மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் பருத்திப் பிண்ணாக்கு பெரிதும் பயன்படுகிறது. ஆயினும் தொழிற்சாலையில் ஆயத்தமாகும் கலப்புத் தீவனத்தின் உறுப்புகள் நிலையானவை அல்ல. புரதம், ஆற்றல், நார்ச்சத்து ஆகியவற்றிற்கு வரம்பு வகுத்துக்கொண்டு, அவ்வரம்புக்குள் மிகக் குறைந்த செலவுக் கலவையைத் தேர்வதே ஆலைகளின் முறை. ஒரு பிண்ணாக்கின் விலை ஏறினால் மற்றொன்று அதன் இடத்தைப் பிடிக்கும். தயோசயனேட் இக்கணக்கில் ஒரு வரம்பாக இடம்பெறாவிடில், சந்தையின் விலை மாற்றம் பாலின் அயோடின் மாற்றமாக முடியும். பால் வாங்குவோர் அதனை அறியவும் வழியில்லை.

இளஞ்சோளப் பயிரிலும் மரவள்ளியின் இலை, தோல் ஆகியவற்றிலும் சயனைடைத் தரும் பொருள்கள் உண்டு. மாட்டின் உடல் சயனைடைத் தயோசயனேட்டாக மாற்றித் தன்னைக் காத்துக்கொள்கிறது. நஞ்சு நீங்குகிறது, ஆனால் வாயிலில் போட்டியாளர் ஒருவர் கூடுகிறார். நைட்ரேட்டின் வரவு உரத்தோடும் கழிவுநீரோடும் தொடர்புடையது. செம்பூரை அடுத்த டிராம்பேயில் 1965 முதல் உற்பத்தி நடத்தும் உரத் தொழிற்சாலை போன்றவை நாட்டின் உணவு உற்பத்தியை உயர்த்தியவை. அவற்றின் பங்கு ஐயத்திற்கு அப்பாற்பட்டது. அளவுக்கு மிஞ்சிய தழைச்சத்து இட்ட நிலத்திலும், சாக்கடை நீர் பாயும் நிலத்திலும் வளரும் பசும்புல்லில் நைட்ரேட் தேங்கும் என்பதையும் உடன் நினைவில் கொள்ள வேண்டும்.

பெர்குளோரேட் இராக்கெட் எரிபொருளிலும் பட்டாசிலும் பயன்படுவது. நீரில் எளிதில் கரைந்து நெடுந்தொலைவு செல்லவல்லது. தமிழ்நாட்டில் பட்டாசுத் தொழில் நடைபெறும் பகுதியின் நிலத்தடி நீரில் அது கலந்திருப்பதை 2013-ல் வெளியான ஆய்வு காட்டிற்று. அமெரிக்காவில் 2005-ல் வெளியான ஓர் ஆய்வில், சோதித்த 47 பால் மாதிரிகளில் 46-ல் பெர்குளோரேட் காணப்பெற்றது. இங்கே இரட்டைத் தீங்கு உள்ளது. மடியின் வாயிலில் அயோடைடை விலக்கிய அயனி, அதே வாயில் வழியே பாலில் புகுந்து, பருகும் குழந்தையின் தைராய்டு வாயிலிலும் போட்டியிடுகிறது.

இவற்றினின்று வேறுபட்டது சூபாபுல் என்னும் சவுண்டல் மரத்தின் இலை. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இந்தியாவில் பெரிதும் பரப்பப்பெற்ற இம்மரத்தின் இலையிலுள்ள மிமோசின், மாட்டின் இரைப்பையில் மாறுதலடைந்து, தைராய்டுக்குள் ஹார்மோன் உருவாவதையே தடை செய்யும் பொருளாகிறது. அதாவது வாயிலை அடைப்பதன்று. உள்ளேயுள்ள பட்டறையை முடக்குவது. இவ்வேறுபாடு நடைமுறையில் முக்கியமானது. வாயிலில் நிகழும் போட்டியைத் தீவனத்தில் அயோடினைக் கூட்டி ஓரளவு வெல்லலாம். பட்டறையின் முடக்கத்தை அவ்வாறு எளிதில் வெல்ல இயலாது. தீவனத்தையே மாற்ற வேண்டும் அல்லது அப்பொருளைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் இரைப்பையில் இருத்தல் வேண்டும். அத்தகைய நுண்ணுயிர்களை அவாய்த் தீவின் ஆடுகளிடமிருந்து எடுத்து ஆஸ்திரேலிய மாடுகளுக்கு அளித்துப் பயன் கண்டனர்.

தற்செயலாய் வந்த நன்மை

பாலில் அயோடினைக் கூட்டும் வேதிப்பொருளும் உண்டு. மடிநோயைத் தடுக்கக் கறவைக்குப் பின் காம்புகளை நனைக்கும் கிருமிநாசினிகளில் அயோடோபோர் என்னும் அயோடின் சேர்மம் பெயர்பெற்றது. பால் கலன்களைக் கழுவவும் அது பயன்படும். அதன் ஒரு பகுதி தோல் வழியாகவும் கலன்களின் வழியாகவும் பாலை அடைகிறது.

ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவு இவ்விரு திசை மாற்றங்களையும் கண்டது. 1950 முதல் அங்குப் பள்ளிச் சிறுவர்களுக்கு அயோடின் மாத்திரைகள் வழங்கப்பெற்றும் கழலை எதிர்பார்த்தபடி குறையவில்லை. கோசு இனத்துப் பசுந்தீவனம் உண்ட பசுக்களின் பாலே காரணமாகலாம் என்று மருத்துவர் கிளெமண்ட்ஸ் கருதினார். காய்ட்ரின் போன்றவை பாலில் சேரும் அளவு மிகக் குறைவு என்று பின்லாந்தில் நோபல் பரிசு பெற்ற விர்த்தானென் குழுவினர் கண்டதால் அக்கருத்து ஐயத்திற்குள்ளாயிற்று. பின்னர் 1966-ல் ரொட்டியில் அயோடின் சேர்க்கப்பெற்றது. அதே காலத்தில் பால் பண்ணைகளில் அயோடோபோரும் பரவியது. நெடுங்காலம் குறைபாட்டில் வாழ்ந்த முதியோர் பலருக்குத் தைராய்டு மிகைச்சுரப்பு கண்டது. குறைவு தீங்கானதுபோல், திடீர் மிகுதியும் தீங்கே.

கதை அத்துடன் முடியவில்லை. பண்ணைகள் அயோடோபோரைக் கைவிட்டு வேறு கிருமிநாசினிகளுக்கு மாறின. பாலின் அயோடின் சரிந்தது. மறைந்ததாக எண்ணப்பெற்ற குறைபாடு ஆஸ்திரேலியாவில் மீண்டும் தலைகாட்டிற்று. 2009-ல் ரொட்டி தயாரிப்பில் அயோடின் உப்பு கட்டாயமாக்கப்பெற்றது. பிரிட்டனிலும் உப்புத் திட்டம் ஏதுமின்றி, மாட்டுத் தீவனத்தில் சேர்த்த அயோடினாலும் பால் நுகர்வு பெருகியதாலும் கழலை மறைந்திருந்தது. 2011-ல் வெளியான ஆய்வு, 14, 15 வயதுப் பள்ளி மாணவியரிடையே மீண்டும் குறைபாட்டைக் கண்டது.

பொருளியல் நோக்கில் இதன் பொருள் தெளிவானது. பண்ணையாளர் அயோடோபோரை வாங்கியது மடிநோயைத் தடுக்க. குழந்தைக்கு அயோடின் தருவதற்கு அன்று. அந்த நன்மை வேறொரு முடிவின் பக்கவிளைவு. அதற்கு விலை கொடுத்தவர் எவருமில்லை. ஆகவே அது நீங்கியபோது இழப்பைக் கணக்கில் எழுதியவரும் இல்லை. கடுகுப் பிண்ணாக்கால் நேரும் குறைவும் இத்தகையதே. செலவைக் குறைப்பவர் ஒருவர். விளைவைச் சுமப்பவர், முகமறியாத ஒரு தாயும் அவள் வயிற்றுக் குழந்தையும்.

அளவிடும் ஆற்றல்

அயோடின் பாலுக்குச் செல்லும் இதே வழியில் கதிரியக்க அயோடினும் செல்லும். 1957 அக்டோபரில் பிரிட்டனின் விண்ட்ஸ்கேல் அணு உலையில் தீப்பிடித்தபின், ஏறத்தாழ 500 சதுர கிலோமீட்டர்ப் பரப்பின் பால் சில வாரங்கள் கொட்டப்பெற்றது. 1986 ஏப்ரல் 26-ஆம் நாள் நிகழ்ந்த செர்னோபில் விபத்தின்பின், அயோடின்-131 கலந்த பாலைப் பருகிய குழந்தைகள் பலருக்குத் தைராய்டுப் புற்றுநோய் கண்டது. இயல்பாகவே அயோடின் குறைந்த பகுதிகளில் வாழ்ந்த குழந்தைகளுக்கு ஆபத்து பன்மடங்காயிருந்தது. பசித்த சுரப்பி நல்லதென்றும் தீயதென்றும் பாராது பற்றிக்கொள்கிறது.

அவ்விபத்தின் எதிரொலி பம்பாயையும் எட்டிற்று. ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் வெண்மைப் புரட்சித் திட்டத்திற்கு அளித்த உதவியின் பகுதியாக அயர்லாந்திலிருந்து வந்த வெண்ணெயில் கதிரியக்கம் இருக்கலாம் என்ற அச்சம் எழுந்தது. பம்பாய் உயர்நீதிமன்றம் வழியே வழக்கு உச்சநீதிமன்றத்தை அடைந்தது. எட்டு நாளில் பாதியாகும் அயோடின்-131 அதற்குள் மறைந்திருக்கும். நீடித்து நிற்கும் சீசியமே அங்குக் கேள்வி. வல்லுநர் குழுவின் கருத்தைக் கேட்ட உச்சநீதிமன்றம், அவ்வெண்ணெய் தீங்கற்றது என்ற முடிவை 1988-ல் ஏற்றது.

இவ்வழக்கு ஓர் உண்மையை உணர்த்துகிறது. அச்சம் எழுந்தபோது அளவிட ஆய்வகம் இருந்தது. வரம்பு வகுக்க அமைப்பு இருந்தது. செம்பூரை ஒட்டிய டிராம்பேயில் 1954-ல் தோன்றி, 1967 முதல் பாபா அணு ஆராய்ச்சி மையம் என்ற பெயரில் இயங்கும் நிறுவனம், தைராய்டு மருத்துவத்திற்கான கதிரியக்க அயோடினையே உற்பத்தி செய்துவந்துள்ளது. அயோடினின் நுண்ணளவுகளை அறியும் திறமை இந்நகருக்குப் புதிதன்று. ஆபத்தான அயோடினுக்குக் காட்டிய அக்கறையில் ஒரு சிறு பகுதியைத் தேவையான அயோடினுக்கும் காட்டலாகாதா என்பதே கேள்வி.

செய்யத்தக்கவை

முதலாவதாக, உப்பே அடித்தளம் என்பதில் மாற்றமில்லை. உற்பத்தியிடத்தில் கிலோவுக்கு 30 மில்லிகிராமும், நுகர்வோரிடம் 15 மில்லிகிராமும் குறையாதிருத்தல் விதி. 2018-19-ல் நடந்த இந்திய அயோடின் கணக்கெடுப்பின்படி, போதிய அளவு அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்திய குடும்பங்கள் சுமார் 76 விழுக்காடே. எஞ்சிய குடும்பங்களுக்குப் பாலின் அயோடின் கூடுதலா குறைவா என்பது பொருட்படுத்தத்தக்க வேறுபாடு.

இரண்டாவதாக, பாலின் அயோடினைப் பருவந்தோறும் அளந்து பதிவு செய்தல் வேண்டும். ஒவ்வொரு கலனையும் சோதிக்க வேண்டுவதில்லை. பல மாவட்டங்களின் பால் ஒன்றுசேரும் பெருநகரப் பண்ணைகளில் கலவைப் பாலின் சில மாதிரிகள் போதும். பசும்புல் காலம், உலர்தீவனக் காலம், பிண்ணாக்கு மாறும் காலம் ஆகியவற்றின் வேறுபாடு அதில் புலப்படும்.

மூன்றாவதாக, கலப்புத் தீவனத்தின் செலவுக் கணக்கில் அயோடினும் குளுகோசினோலேட்டும் வரம்புகளாக இடம்பெறுதல் வேண்டும். கடுகுப் பிண்ணாக்கை விலக்க வேண்டும் என்பதன்று. அது உழவருக்கு வருவாயும் மாட்டுக்குப் புரதமும் தருவது. அதன் பங்கு உயரும்போது அயோடின் அடங்கிய தாது உப்புக் கலவையும் உயர வேண்டும். அதற்கும் மேல்வரம்பு தேவை. ஐரோப்பிய ஒன்றியம் கறவை மாட்டுத் தீவனத்தின் அயோடின் வரம்பைக் கிலோவுக்கு 10 மில்லிகிராமிலிருந்து 5 மில்லிகிராமாக 2005-ல் குறைத்தது, பால் வழியே மிகுதி நேரலாகாது என்பதற்காகவே.

நான்காவதாக, தாய்ப்பாலையும் இக்கண்ணோட்டத்தில் காண வேண்டும். புகைபிடிக்கும் தாய்மாரின் பாலில் அயோடின் ஏறத்தாழப் பாதியே இருந்ததை 2004-ல் வெளியான டென்மார்க் ஆய்வு காட்டிற்று. புகையிலிருந்து உடலில் உண்டாகும் தயோசயனேட்டே அங்கும் காரணம். சுகாதாரப் பணியாளர் தாராவியின் வீடுகளுக்குச் சென்று அயோடின் உப்பைப் பற்றிக் கூறும்போது, புகையையும் சேர்த்துக் கூறுதல் பொருந்தும்.

இவற்றிற்கு ஆகும் செலவு, பால்வளத் துறையின் மொத்தச் செலவில் மிகச் சிறு பகுதியே. தாது உப்புக் கலவையில் சேரும் அயோடின் சில மில்லிகிராம். ஆண்டுக்குச் சில முறை எடுக்கும் மாதிரிகளுக்கு ஒரு சிறிய ஆய்வகப் பிரிவு போதுமானது. ஆரேயின் தொழுவத்திலோ ஆனந்தின் கிராமத்திலோ மாட்டின் முன் வைக்கப்படும் தீவனம், தாராவியில் பிறக்கவிருக்கும் குழந்தையின் உடலை வந்தடைகிறது. இடையில் உள்ள வழி நீண்டது. அதில் நிகழும் மாற்றங்கள் கண்ணுக்குத் தெரியாதவை. கொழுப்பை அளக்கும் கருவி கிராமந்தோறும் சென்ற பிறகே உழவருக்கு நியாயமான விலை கிட்டிற்று. அயோடினையும் அளக்கத் தொடங்கும்போதுதான், பாலினால் வரும் இந்நன்மை தற்செயலாக இருப்பது நீங்கித் திட்டத்தின் பகுதியாகும்.